ஒன்றாம் வரிசை எலி

சின்னசேலத்தில் நடந்த ஆணழகன் போட்டியில் எனக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. கலந்துகொண்டவர்கள் மொத்தம் நான்கு பேர். அந்த நான்கு பேர் விஷயத்தை நான் வீட்டில் சொல்லவே இல்லை. கோப்பை டிவிக்கு மேல் இருக்கிறது. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துடைத்துப் பொட்டு வைத்து வந்தாள். சொல்லாமல் விடுவது எனக்குக் கைவந்த கலை. இந்தக் கதையும் அப்படிச் சொல்லாமல் விட்டதில் வந்த வினைதான்.

என் பெயர் தமிழரசன். ஊர் நைனார்பாளையம். அப்பா மக்காச்சோளமும் மரவள்ளியும் போட்டுக் காலம் தள்ளுகிறார். காட்டு வேலைக்கு எனக்கு உடம்பு வணங்கவில்லை. நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு தனியார் பார்மஸி காலேஜில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனேன். காலேஜின் பெயரைச் சொல்ல மாட்டேன், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. கூண்டில் உமி மாற்றுவது, தீனி வைப்பது, ஊசி போடும்போது எலியைக் கடிக்காமல் பிடித்துக் கொடுப்பது, அறுக்கிற நாளில் உறுப்புகளை எடை போடுவது, மிச்சத்தை அப்புறப்படுத்துவது. இவ்வளவுதான் வேலை. எலி பிடிப்பதில் என்னை அடிக்க அந்தக் காலேஜில் ஆள் இல்லை.

வேலை முடிந்ததும் கள்ளக்குறிச்சியில் ஜிம்முக்குப் போவேன். முதலில் போலீஸ் செலக்‌ஷனுக்காகப் போனேன். செலக்‌ஷன் கிடைக்கவில்லை, ஜிம் மட்டும் ஒட்டிக்கொண்டது. அங்கே மாஸ்டர் சந்தோஷ் வாரம் ஓர் ஊசி போட்டுவிடுவார். ஹார்மோன் ஊசி. ஞாயிற்றுக்கிழமை காலையில் இடுப்புக்குக் கீழே. நான்கு வருஷம் விடாமல் போட்டுக்கொண்டேன். உடம்பு கல்லு மாதிரி ஆனது. கோயில் திருவிழாவில் நான் சட்டை இல்லாமல் தேர் இழுத்தால், அம்மா பக்கத்தில் இருப்பவர்களிடம் அது தன் பிள்ளை என்று சொல்வாள். யாரும் கேட்காமலே சொல்வாள்.

எனக்கும் செந்தமிழ்ச்செல்விக்கும் கல்யாணமாகி ஐந்து வருஷம். குழந்தை இல்லை. என் உடம்பைப் பார்த்த யாருக்கும் சந்தேகம் என் பக்கம் வரவில்லை. எல்லாம் செல்வி தலையில் விடிந்தது.

போன தை மாதம் நிர்மலா என்ற பெண் காலேஜில் ஆராய்ச்சிக்கு வந்தாள். ஆண் எலிகளுக்கு ஹார்மோன் கொடுத்தால் அவற்றின் விதைக்கொட்டைக்கு என்ன ஆகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. கூண்டுகளை மூன்று வரிசையாக வைத்தாள். ஒன்றாம் வரிசைக்கு வெறும் எண்ணெய் ஊசி. இரண்டாம் வரிசைக்கு வாரம் ஒரு ஹார்மோன் ஊசி. மூன்றாம் வரிசைக்கும் அதே ஊசிதான், ஆனால் எட்டு வாரத்தில் நிறுத்திவிட்டு, எலிகள் பழையபடி தேறுகின்றனவா என்று பார்ப்பது. அவள் மேஜையில் வைத்த மருந்துப் பாட்டிலின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். என் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டிலின் பெயரேதான்.

சித்திரையில் இரண்டாம் வரிசையையும் ஒன்றாம் வரிசையில் பாதியையும் அறுத்தோம். இரண்டாம் வரிசை எலிகள் பார்வைக்குக் கொழுத்துத் திரண்டு இருந்தன. விதையை எடுத்துத் தராசில் வைத்தால் ஒன்றாம் வரிசையில் பாதி எடைகூட இல்லை. தராசில்தான் கோளாறு என்று நினைத்து மறுபடி வைத்தேன். நிர்மலா விந்தணுவை எண்ணுவதற்கு மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். அவள் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதுவது என் வேலை. ஒன்றாம் வரிசைக்குப் பெரிய பெரிய எண்களாகச் சொன்னாள். இரண்டாம் வரிசையில் நாலு எலிக்கு ஒன்றுமே இல்லை என்றாள்.

"ஏம்மா, ஆம்பள ஹார்மோன் ஜாஸ்தியா குடுத்தா ஜாஸ்திதானே ஆவணும்?" என்று கேட்டேன். 

"அதாண்ணா தப்பா நெனைக்கிறாங்க. வெளியிலேந்து வந்துக்கினே இருந்தா, ஒடம்பு நமக்கு இன்னா வேலன்னு வுட்டுடும். மேல பாத்தா கொழுகொழுன்னு இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது."

அவள் எலியைப் பார்த்துத்தான் சொன்னாள். எனக்குத்தான் காது வரைக்கும் சுட்டது. மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவை பார்க்கட்டுமா என்று வாய் வரை வந்தது. கேட்டால் எதற்கு என்று கேட்பாளோ, என் கதை முகத்தில் தெரிந்துவிடுமோ என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு தடவை பார்த்திருந்தால் பின்னால் அவ்வளவு பெரிய அசிங்கம் நடந்திருக்காது.

அன்றைக்கே வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு ஊசியாவது போடாமல் இருந்தேனா? அதுவும் இல்லை. நிறுத்தினால் தோள் இறங்கிவிடும் என்றார் மாஸ்டர். போட்டுக்கொண்டேன்.

வைகாசியில் அம்மா செல்வியைக் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் பச்சையம்மாள் என்று ஒரு அம்மா குழந்தைக்கு மருந்து தருகிறாராம். அம்மா பஸ்ஸில் வந்தாள். நான் செல்வியை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன். மலை வளைவுகளில் இரண்டு இடத்தில் இறங்கி வாந்தி எடுத்தாள். முதுகைத் தடவிவிட்டேன். கை கூசவில்லை அப்போது.

பச்சையம்மாள் செல்வியின் நாடியை ரொம்ப நேரம் பிடித்துப் பார்த்தார். "இந்தப் பொண்ணுக்கு ஒரு கொறையும் இல்லியேம்மா. வூட்டுக்காரரு வந்துருக்காரா? அவரு கையக் காட்டச் சொல்லுங்க."

நான் பைக்கில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். "எனுக்கு இன்னாங்க? என்னப் பாத்தா கொற கீறவன் மாரியா கீது?" என்றேன். சிரித்துக்கொண்டேகூடச் சொன்னேன்.

அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். அம்மா விடாமல் கெஞ்சியதால் ஒரு வேர்ப்பொடியைக் கொடுத்தார். நாற்பத்தெட்டு நாள், விடிந்ததும் வெறும் வயிற்றில். செல்வி அதைக் குடித்துவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டுத்தான் தினமும் எனக்கு விழிப்பு வந்தது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

ஆனி மாதம் செல்வி, தானே கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனாள். கருக்குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். வலி தாங்காமல் அன்று முழுக்கச் சுருண்டு கிடந்தாள். படத்தில் எல்லாம் சரியாக இருந்தது. அடுத்தது வீட்டுக்காரருக்குத்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

அம்மா குதித்தாள். "ஆம்பளைக்கு இன்னாத்துக்குடி டெஸ்ட்டு? எம் புள்ள ஒடம்பப் பாத்தா தெரியல அந்த டாக்டருக்கு?"

செல்வி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மாட்டிக்கொண்டு, "பண்ணிக்கினா போச்சு, இன்னா இப்ப" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஆடியில், டெஸ்ட் நாளன்று காலையில், காலேஜில் மூன்றாம் வரிசையையும் ஒன்றாம் வரிசையின் மிச்சத்தையும் அறுத்தோம். ஊசி நிறுத்திய எலிகளில் சிலவற்றுக்கு எண்ணிக்கை திரும்பியிருந்தது, சிலவற்றுக்கு இல்லை. "கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும்ணா" என்றாள் நிர்மலா. அதைக் கேட்டு மனசு ஆறியிருக்க வேண்டும். எனக்கோ அன்று பதினொரு மணி டெஸ்ட்தான் மண்டையில் ஓடியது.

விந்தணு எடுக்க ஒரு வழக்கம் உண்டு. விதையை ஒட்டிச் சுருண்டிருக்கும் குழாயின் வால்பக்கத்தை வெட்டி, வெதுவெதுப்பான உப்புநீரில் போட்டுக் கொத்துவார்கள். பால் மாதிரி கசிந்து நீரில் பரவும். நிர்மலா அதில் ஒரு சொட்டு எடுத்துக்கொண்டு மிச்சத்தை என்னிடம் தள்ளிவிடுவாள். அதைக் கொட்டுவது என் வேலை. அன்றைக்கு ஒன்றாம் வரிசை எலி ஒன்றின் கிண்ணத்தை நான் கொட்டவில்லை. கள்ளக்குறிச்சி லேப்பில் டெஸ்டுக்குக் கொடுத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி, ஆறாமல் இருக்கச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கள்ளக்குறிச்சிக்கு வண்டியை விரட்டினேன்.

சிரிக்காதீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை. விந்தணு என்றால் ஒரு தலை, ஒரு வால், அது எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். ஏழு வருஷம் எலியோடு புழங்கியவன், மைக்ராஸ்கோப்பை ஒரு தடவையும் எட்டிப் பார்க்காதவன், இப்படித்தான் நினைப்பான்.

செல்வி பஸ்ஸில் வந்து லேப்பில் காத்திருந்தாள். நான் டப்பாவைச் சட்டைக்குள் வைத்தபடியே அங்கிருந்த பாத்ரூமுக்குள் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, வெளியே வந்து டப்பாவை நீட்டினேன். பிறகு செல்வி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணும் இருக்காதுங்க, பயப்படாதீங்க" என்றாள்.

அரை மணி நேரத்தில் லேப்காரர் உள்ளே கூப்பிட்டார். தெய்வசிகாமணி என்று பேர் சட்டையில் குத்தியிருந்தது. கதவைச் சாத்திவிட்டு, மைக்ராஸ்கோப்பைக் காட்டினார்.

"பாருங்க தம்பி."

குனிந்து பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. நீளநீளமான வால்கள் துடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் தலையும் கருக்கரிவாள் மாதிரி வளைந்து, கொக்கி போட்டிருந்தது.

"மனுசனுக்குத் தல முட்ட மாரி இருக்கும். இந்தக் கொக்கி எலிக்குத்தான் இருக்கும். படிக்கச்சொல பாத்துருக்கேன்." ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். "நீங்க எங்க வேல செய்றீங்க?"

சொன்னேன். அவர் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. ஸ்லைடை எடுத்துக் கிருமிநாசினியில் போட்டார். "இத நான் பாக்கல. வெளிய குந்திகினு இருக்கற பொண்ணு மூஞ்சிய நெனச்சுக்கினு, உங்களோடத குடுங்க. அது போதும்" என்றார். புது டப்பா ஒன்றை மேஜையில் வைத்தார். அதைக் கையில் எடுக்கவே எனக்கு வெகுநேரம் ஆனது.

கொடுத்தேன். முடிவு சாயங்காலம் வந்தது. பூஜ்யம். ஒரு வரிதான்.

திரும்பும்போது மரவள்ளிக் காட்டோரம் வண்டியை நிறுத்திச் செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி, நிர்மலா சொன்னது, டப்பா, கொக்கித் தலை. கடைசியில் ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். எலி விஷயத்தில் சிரிப்பாள் அல்லது அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"எப்பலேந்து தெரியும்?"

"சித்திரையிலேந்து."

அவள் விரல் விட்டு எண்ணினாள். சித்திரை, வைகாசி, ஆனி. "மலைக்கு இட்டுக்கினு போனது வைகாசி. அப்ப உனுக்குத் தெரியும். நான் கொமட்டிக்கினு அந்த மருந்தக் குடிக்கச்சொல தெரியும். படம் எடுக்கச்சொலயும் தெரியும்."

ஐந்து வருஷத்தில் அன்றுதான் முதல் தடவையாக என்னை நீ என்றாள். ரிப்போர்ட்டை மடித்து என் சட்டைப்பையில் வைத்தாள்.

"உங்கம்மாகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா, தங்கொறைய மறைக்க எம் புள்ள மேல பழி போடறான்னுவாங்க. நீ சொல்ற வரைக்கும் நான் கேக்க மாட்டேன்."

கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஊசியை நிறுத்தினேன், மிச்சமிருந்த வேர்ப்பொடியைச் சாக்கடையில் கொட்டினேன், அம்மா எதிரில் வந்தால் மட்டும் வாய் ஒட்டிக்கொண்டது. மூன்று வாரம் இப்படிப் போனது.

ஆவணியில் என் தங்கை தனுஷாவுக்கு வளைகாப்பு. சங்கராபுரத்தில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் பந்தல். நாங்கள் ஐந்து வகை சாதம் கட்டிக்கொண்டு போனோம். ராத்திரியெல்லாம் கண் விழித்துப் புளிசாதம் கிளறியது செல்விதான். தனுஷாவை மணையில் உட்கார வைத்து, தட்டில் வளையல் அடுக்கி, பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். செல்வி முகம் கழுவி, தலையில் பூ வைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். அண்ணி முறை, முதலில் கூப்பிட வேண்டியவள்.

அம்மா திரும்பினாள். "செல்வி, பின்னால போயி புளிசாதத்துக்குக் கரண்டி கீதா பாரும்மா."

சாந்தமாகத்தான் சொன்னாள். குழந்தை இல்லாதவள் கை படக் கூடாது என்பதை எங்கள் பக்கம் இவ்வளவு நாசூக்காகச் சொல்வார்கள். பந்தலில் எல்லாருக்கும் புரிந்தது. செல்வி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். கரண்டி அண்டாவிலேயே இருந்தது. அது எல்லாருக்கும் தெரியும்.

அந்த நடையைப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, பெண்களுக்கு நடுவே போய் நின்றேன்.

"யம்மா, செல்விக்கு ஒரு கொறையும் இல்ல. கொற எங்கிட்ட. டெஸ்ட்டு எடுத்துட்டேன். எனுக்குத்தான் ஒண்ணும் இல்ல, சைபர்."

அம்மா என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு அவள் கண் கலங்கியது, ஆனால் நான் நினைத்த காரணத்துக்கு அல்ல.

"பாத்தீங்களா சம்மந்தி, எம் புள்ளைய? பொண்டாட்டிய யாரும் ஒண்ணு சொல்லிடக் கூடாதுன்னு பழியத் தூக்கித் தந்தலையில போட்டுக்கிறான். இந்த ஒடம்புக்குக் கொறையாம்!"

"இன்னா மனசு பாரு" என்றார் மாப்பிள்ளையின் பெரியம்மா. "இந்த மாரிப் புருசன் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்." நாலு பேர் தலையாட்டினார்கள். யாரோ என் முதுகில் தட்டினார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த நிமிஷம் இனித்தது. உண்மையையும் சொல்லியாயிற்று, நல்ல பெயரும் கிடைத்தாயிற்று, இத்தோடு உட்கார்ந்துவிடலாம் என்று கால் மடங்கப் பார்த்தது. பின்கட்டு வாசலில் செல்வி கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். சட்டைப்பையில் ரிப்போர்ட் இருந்தது, அதையும் பொய் என்றுதான் சொல்வார்கள். நம்ப வைக்க என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"யம்மா, லேப்புல மொத நான் குடுத்தது என்னுது இல்ல. எலியோடது."

"இன்னாடா சொல்ற?"

"எலி. நான் வேல செய்ற எடத்துல அறுத்த எலி. அதோட விந்த டப்பாவுல ஊத்தி, என்னுதுன்னு சொல்லிக் குடுத்தேன். லேப்புக்காரரு கண்டுபுடிச்சிட்டாரு. எலிக்குத் தல கொக்கி மாரி இருக்குமாம், எனுக்குத் தெரியல. ஜிம்முல ஊசி போட்டுக்கினதுல எனுக்கு உள்ள எல்லாம் போயிடுச்சு. சித்திரையிலேந்து தெரியும். தெரிஞ்சிதான் இவள மலைக்கு இட்டுக்கினு போனேன்."

பெண்டாட்டியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறவன் எவனும் இப்படி ஒரு பொய்யைக் கட்ட மாட்டான். அம்மாவின் முகத்தில் அது மெதுவாக இறங்கியது. மாப்பிள்ளையின் பெரியப்பாதான் முதலில் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தார், அடக்க முடியவில்லை. அது பந்தல் முழுக்கப் பரவியது. பெண்கள் முந்தானையைக் கடித்துக்கொண்டார்கள். பந்தலுக்கு வெளியே மேளக்காரர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் "எலியோடதா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அப்பா எழுந்து தெருவுக்குப் போய்விட்டார். எனக்கு இடுப்புத் துணி அவிழ்ந்து நிற்கிற மாதிரி இருந்தது. அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த வளையலைத் தட்டில் வைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள்.

செல்வி பின்கட்டிலிருந்து நடந்து வந்தாள். கூட்டம் தானாக விலகியது. கரண்டியை என் கையில் கொடுத்தாள். புளிசாதம் ஒட்டியிருந்தது. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் தட்டிலிருந்து வளையல்களை எடுத்தாள். தனுஷா அழுதுகொண்டே இரண்டு கையையும் நீட்டினாள்.

"சிரிச்சது போதும்" என்றாள் செல்வி. "கொலவ போடுங்க."

போட்டார்கள். நான் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு வருஷம் பொறுங்கள், திரும்பினாலும் திரும்பும் என்கிறார் டாக்டரம்மா. செல்வி என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள். நீ என்றுதான் பேசுகிறாள். தோள் இறங்கிவிட்டது, பழைய சட்டைகள் தொளதொளவென்று தொங்குகின்றன. அம்மா இப்போது கோப்பைக்குப் பொட்டு வைப்பதில்லை.

ஊரில் என் பேர் இப்போது எலி. பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில், "இன்னா எலி, எங்க போய்க்கினு கீற" என்கிறார்கள். இதற்கு முன்னால் ஐந்து வருஷம் அதே வாய்கள் செல்வியை என்ன சொல்லிக் கூப்பிட்டன என்பது எனக்குத் தெரியும். எலி என்று யார் கூப்பிட்டாலும் நான் நின்று, திரும்பி, பதில் சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.